நேட்: ஒரு சின்னப் போர் விமானத்தை மரத்தில் செதுக்குவது

செதுக்கிக் காட்சிக்கு வைக்க ஒரு போர் விமானம் சொல்லுங்கள் என்றால் பலருக்கும் ஸ்பிட்ஃபயர்தான் முதலில் நினைவுக்கு வரும். அழகான விமானம், அதில் சந்தேகமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆவது ஸ்குவாட்ரனுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் இருந்தது. அந்த வகையில் நமக்கும் அதற்கும் ஒரு சொந்தம் உண்டு. ஆனாலும் இந்த அத்தியாயத்துக்கு நேட்டைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இந்தியா இரண்டு போர்களில் ஓட்டிய விமானம், பெங்களூரில் நம்மவர்கள் கட்டிய விமானம், அதோடு உளி பிடித்துப் பழகாத கைக்கும் அடங்கும் விமானம். சுழலி கிடையாது, ஒரே எஞ்சின், உருண்டு நீண்ட ஓர் உடல், பின்னோக்கிச் சரிந்த இரண்டு இறக்கை. அவ்வளவுதான் அதன் உருவம்.

அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு உளியைத் தொடுங்கள். இங்கிலாந்தில் ஃபோலண்ட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டபிள்யூ. இ. டபிள்யூ. பெட்டர், போர் விமானங்கள் வருடத்துக்கு வருடம் கனத்து விலையும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, சின்னதாக, எடை குறைவாக, மலிவாக ஒன்றைக் கட்ட முடியும் என்று பிடிவாதமாக நின்றவர். அவருடைய நேட் 1955 ஜூலை 18 அன்று முதன்முதலில் பறந்தது. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 22 அடி 1 அங்குலம், மூக்கிலிருந்து வால் வரை 28 அடி 8 அங்குலம், நின்றால் உயரம் 8 அடி 1 அங்குலம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் இருக்கும் 222ஆவது ஸ்குவாட்ரனின் சுகோய் விமானங்கள் நம் வயல்களுக்கு மேலே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுகோயின் இறக்கை அகலத்தில் நேட் பாதிகூட வராது. இந்தச் சிறு உடலுக்குள் ஓர் ஆர்ஃபியஸ் ஜெட் எஞ்சினும், 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் இரண்டும், ஒரு மனிதரும் அடங்கினார்கள்.

பிரிட்டன் இதைச் சண்டை விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, பயிற்சி விமானமாக மாற்றிக்கொண்டது. இந்தியா எடுத்துக்கொண்டது. எச்.ஏ.எல். உரிமம் பெற்று இவற்றைப் பெங்களூரில் கட்டியது. பிறகு அதைத் திருத்தி 'அஜீத்' என்ற பெயரில் தானே ஒரு வகையைக் கொண்டுவந்தது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு மோதிய நேட்டுக்கு 'சேபர் ஸ்லேயர்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் போரில் நேட் ஓட்டிய டிரெவர் கீலர், டென்சில் கீலர் என்ற அண்ணன் தம்பி இருவருமே வீர் சக்ரா பெற்றார்கள்.

எந்த நாள், எந்த விமானம்?

மரவாடிக்குப் போகும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பொதுவாக 'ஒரு நேட்' என்று செய்தால் அது கடைப் பொம்மையோடு நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட மனிதர் ஓட்டிய விமானம் என்று முடிவு செய்துவிட்டால், வண்ணம், எண், சின்னம், அடிப்பலகையில் எழுத வேண்டிய வாசகம் எல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும். இந்த அத்தியாயத்தில் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

மூன்று நாட்களைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது 1965 செப்டம்பர் 3, டிரெவர் கீலர் சேபரோடு மோதிய நாள். இரண்டாவது 1971 நவம்பர் 22. போர் முறைப்படி அறிவிக்கப்படும் முன்பே, வங்காள எல்லையில் போய்ரா என்ற இடத்துக்கு மேலே 22ஆவது ஸ்குவாட்ரனின் நான்கு நேட்கள் சேபர்களை மறித்தன. நேட் விமானிகளில் மாசி, கணபதி, லாசரஸ் மூவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. பாராசூட்டில் குதித்துச் சிறைபட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் அந்நாட்டு விமானப்படைத் தளபதியாகவே ஆனார். மூன்றாவது 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர்கள் தளத்தைத் தாக்கிக்கொண்டிருந்தபோதே 18ஆவது ஸ்குவாட்ரனின் நிர்மல் ஜித் சிங் சேகோன் தம் நேட்டை மேலே ஏற்றினார். தனியாகப் போராடி அங்கேயே உயிர்விட்டார். இன்றுவரை இந்திய விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ செய்கிறவர்கள் சேகோனின் விமானத்தைச் செய்யுங்கள். பார்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு முழு மனிதரின் கதை கிடைக்கும்.

அளவும் வரைபடமும்

24க்கு 1 என்ற அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. நிஜ விமானத்தின் ஓர் அடி, நம் மாதிரியில் அரை அங்குலம். நிஜத்தில் மூன்று அங்குலம், நமக்கு ஒரு நூல். தச்சுப் பட்டறையில் இன்னமும் அங்குலமும் நூலும்தான் பேச்சு என்பதால் ஆசாரியிடம் விளக்குவதும் சுலபம். இந்தக் கணக்கில் நீளம் 14 அங்குலத்துக்கு மேல் இரண்டரை நூல், இறக்கை அகலம் 11 அங்குலம், உயரம் 4 அங்குலம். வீட்டு அலமாரியில் அடங்கும், கூடத்தில் வைத்தாலும் கண்ணுக்குப் படும்.

முன், மேல், பக்கவாட்டு என மூன்று பார்வையில் வரைந்த படம் இணையத்திலும் விமான நூல்களிலும் கிடைக்கும். எடுக்கும்போது ஒன்றில் மிகக் கவனமாக இருங்கள். 'நேட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் பிரிட்டனின் 'ரெட் ஏரோஸ்' சாகசக் குழு ஓட்டிய சிவப்பு நிறப் பயிற்சி விமானத்தின் படம். அதில் இரண்டு பேர் உட்காரலாம், உடல் நீளம், இறக்கை 24 அடி. இந்தியா ஓட்டியது அது அல்ல. கண்ணாடிக் கவிகைக்குள் ஒரே ஓர் இருக்கை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு இருந்தால் அந்தப் படத்தை அப்போதே ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் கிட் வாங்கிப் பார்த்துச் செய்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

சரியான படம் கிடைத்ததும் ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்க வேண்டும். படத்தில் விமானத்தின் நீளத்தை அளந்து, 36.4 சென்டிமீட்டரை அந்த அளவால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். படத்தில் 18.2 சென்டிமீட்டர் இருந்தால் 200 சதவீதம். ஏ3 தாள் கேளுங்கள். பெரிதாக்கிய பிறகு நீளத்தை இறக்கை அகலத்தால் வகுத்துப் பார்த்தால் 1.3 வர வேண்டும். 1.25, 1.35 என்று வந்தால் படம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, அல்லது வரைந்தவர் தவறியிருக்கிறார். ஒரே படத்தில் ஐந்து பிரதி எடுத்துவையுங்கள். வெட்ட, ஒட்ட, கிழிக்க எல்லாம் தேவைப்படும்.

நிஜ விமானத்தை நேரில் பார்க்க முடிந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நேட் நிற்கிறது. பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் அதன் தம்பியான அஜீத்தைப் பார்க்கலாம். வெளி உருவம் ஏறக்குறைய அதேதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மை எப்படி இழுத்தன என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே இடத்தில் விமானப் பொறியியல் படித்துத்தான் அவர் மேலே போனார். அருகில் நின்று பார்க்கிறபோது ஏற்படும் பிடிப்பைப் படம் தராது. போனால் முன்னும் பின்னும் எடுத்துத் தள்ளாதீர்கள். காற்றுவாயின் உதடு எப்படி வளைகிறது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில் என்ன நடக்கிறது, வாலடியில் உடல் எங்கே ஒடுங்குகிறது என்று இணைப்புகளைப் படம் எடுங்கள். செதுக்கும்போது கை தயங்கி நிற்கப் போவது அந்த இடங்களில்தான்.

மரம்

மாதிரி விமானக்காரர்கள் பால்சா மரம் என்பார்கள். அது பறக்கவிடுவதற்கு. காட்சிக்கு வைக்கிற மாதிரிக்குப் பால்சா வேண்டியதில்லை. நகம் பட்டாலே பள்ளம் விழும், விலையும் அதிகம்.

மன்னார்குடி மரவாடிகளில் கதவுக்கும் சன்னலுக்கும் விற்கிற குமிழ்த் தேக்குதான் என் முதல் தேர்வு. வெளிர் நிறம், எடை குறைவு, ரேகை ஓரளவு நேராக ஓடும், உளிக்கு இணங்கிக் கொடுக்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. வெப்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது. சன்னபட்னா பொம்மைகள் அந்த மரத்தில்தான் கடைகிறார்கள். தந்தம்போல வழுவழுப்பாக வரும். ஆனால் பெரிய துண்டு கிடைப்பது அரிது, ஆகவே வாலுக்கும் சிறு உறுப்புகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வீணைக்கு ஆகிற பலா நல்ல மரம்தான், ஆனால் கனம். பூவரசு நம் வாய்க்கால் கரையெல்லாம் நிற்கிறது. உறுதியானது என்றாலும் வைரத்தின் கருமையும் முறுக்கு ரேகையும் இறக்கை மாதிரியான மெல்லிய வேலைக்குத் தொல்லை.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களை அறுத்துப் பரணில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் உண்டு. இத்தனை வருடம் நிழலில் காய்ந்த பலகை என்றால் அது பொக்கிஷம். ஆனால் காற்றில் முறிந்து விழுந்த மரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத உள்வெடிப்பு இருக்கக்கூடும். துண்டை அறுத்ததும் வெட்டு முகத்தில் தண்ணீர் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் ஈரம் அதற்குள் கோடாக நின்று காட்டிக்கொடுக்கும்.

புதுப் பலகை வாங்கினால் தை மாதத்தில் வாங்கி நிழலில் குறுக்குக் கட்டை வைத்து அடுக்குங்கள். பங்குனி தொடங்கிச் செதுக்கி, ஆவணிக்குள் வண்ணத்தையும் முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் அடிக்கிற ஈரக் காற்றில் மரம் உப்பும், ஒட்டு தளரும், வண்ணம் பூத்துப்போகும். காய்ந்த துண்டை போரிக் பவுடரும் வெங்காரமும் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி உலர்த்தினால் உளுக்காது. அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் நெட்டியில்

மரத்தில் இறங்குவதற்கு முன் ஒரு தடவை நெட்டியில் செய்துவிடுங்கள். இதை மற்ற வழிகாட்டிகளில் பார்க்க மாட்டீர்கள், ஏனென்றால் நெட்டி நம் ஊர்ச் சரக்கு. ஏரி, குளத்தில் வளரும் தக்கைத் தண்டு அது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதைச் சீவிப் பெரிய கோயிலையே உள்ளங்கையில் கொண்டுவருவார்கள். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பழுப்புத் தோலைச் சீவி எடுத்தால் உள்ளே பால் வெள்ளையாகத் தக்கை. நல்ல கூர்க்கத்தியை அழுத்தாமல் இழுத்தாலே போதும், சுருள் சுருளாகச் சீவல் வரும். அழுத்தினால் வெட்டுப்படாமல் நசுங்கும். நசுங்கிய இடம் திரும்பவும் எழும்பாது. தண்டு பருமனில் உடல் அடங்காது என்பதால் நான்கைந்தைப் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டையாக்கிக்கொள்ள வேண்டும். இதில் பாதி அளவில், அதாவது ஏழு அங்குல நீளத்தில் ஒரு நேட் செய்துபாருங்கள். காற்றுவாய்கள் இரண்டும் உடலின் இருபுறமும் தோள்போலப் புடைத்து, இறக்கைக்கு அடியில் எப்படிக் கரைந்து மறைகின்றன என்பது அப்போது கைக்குப் பிடிபடும். இறக்கை உடலின் மேல்தோளில் உட்கார்ந்து, நுனி நோக்கிச் சற்றே கீழே சரிவதும் புரியும். மரத்தில் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் துண்டு போனது போனதுதான். நெட்டியில் தவறினால் இன்னொரு தண்டு.

உடலைச் செதுக்குதல்

கருவிகள் அதிகம் வேண்டாம். இழைப்புளி, கால் அங்குல, அரை அங்குல உளிகள், ஒரு குழி உளி, கொட்டாப்புளி, சின்ன ரம்பம், அரைவட்ட அரம், மூலைமட்டம். உளியைச் சாணை பிடிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், அல்லது பிடித்துத் தருபவரிடம் நட்பாக இருங்கள். மழுங்கிய உளிதான் கையை வெட்டும்.

உடலுக்கு ஒரே கட்டை வேண்டாம். 16 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளை இழைத்து, இரண்டின் இடையே ஒரு செய்தித்தாள் வைத்து ஃபெவிகாலால் ஒட்டி, இரவு முழுக்க இறுக்கி வையுங்கள். அந்த ஒட்டுக் கோடுதான் விமானத்தின் நடுக்கோடு. எவ்வளவு செதுக்கினாலும் அது அழியாது. இடம் வலம் சமமாக வருகிறதா என்று எந்த நேரமும் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே குடைய வேண்டி வந்தால் தாள் இருக்கிற இடத்தில் உளியை வைத்து மெதுவாகத் தட்டினால் இரண்டாகப் பிரிந்துவிடும். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்கிறவர்கள் கையாளும் முறை இது.

பக்கவாட்டுப் படத்தை வெட்டிக் கட்டையின் பக்கத்தில் ஒட்டி, கோட்டுக்கு ஒரு நூல் வெளியே அறுங்கள். பிறகு மேல்பார்வைப் படத்தை மேலே ஒட்டி அதே மாதிரி அறுங்கள். இப்போது கையில் இருப்பது சதுரமான ஒரு விமானம். நான்கு மூலையையும் இழைத்து எண்கோணமாக்கி, அதிலிருந்து உருட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே உருட்டப் போனால் ஒரு பக்கம் கூடுதலாகத் தின்றுவிடும்.

பட்டறையில் ஒரு வயதான ஆசாரி தம்மிடம் பழகிய பையனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே வைக்கிறேன்: "தம்பி, கோட்டப் பாத்துச் செதுக்காத. மேல விரல ஓட்டிக்கிட்டே செதுக்கு. கண்ணு ஏமாத்தும், விரலு ஏமாத்தாது." நடைமுறையில் இதற்கு ஒரு துணை உண்டு. உடலின் ஐந்து இடங்களில், மூக்கு, விமானியறை, காற்றுவாய், இறக்கையின் பின்விளிம்பு, வாலடி என்று, குறுக்குவெட்டு வடிவத்தை அட்டையில் பாதி வட்டமாக வெட்டிவையுங்கள். அதை உடலில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடுக்கில் ஒளி வருகிற இடத்தில் மரம் குறைந்திருக்கிறது, அட்டை முட்டுகிற இடத்தில் இன்னும் எடுக்க வேண்டும். விரலும் அட்டையும் ஒத்துப்போனபின் அடுத்த வேலைக்குப் போங்கள்.

காற்றுவாய்களைக் குழி உளியால் குடையுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும், உள்ளே கறுப்பு அடித்தால் முடிவில்லாமல் போவதுபோலத் தெரியும். உதடு மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த உதடு விட்டால் அது விமானமாகத் தெரியாது. இரண்டு பீரங்கிகளும் காற்றுவாய்களின் வெளிப்பக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கின்றன. அந்த இடத்தில் சிறு நீளக் குழியும் அதற்குள் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டும் வைத்தால் அதுவே போதும்.

இறக்கைக்கு அரை அங்குலப் பலகை எடுத்து, ரேகை நுனி நோக்கி ஓடுகிறபடி வெட்டுங்கள். குறுக்கு ரேகையில் வெட்டினால் முன்விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். நிஜ இறக்கை மெல்லியது. நம் அளவில் உடலருகே மூன்று நூலுக்குள், நுனியில் ஒரு நூல். முன்விளிம்பு உருண்டும் பின்விளிம்பு கத்திபோலவும் இருக்கட்டும். இடது, வலது இறக்கைகளைத் தனித்தனியாகச் செய்து, உடலில் துளையிட்டு, மூங்கில் முளை அடித்துச் சேருங்கள். வெறும் ஒட்டு மட்டும் போட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் விட்டுவிடும். சேர்த்தபின் இரு நுனிகளிலிருந்தும் மூக்குக்கு நூல் பிடித்து அளங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

சக்கரங்களை விட்டுவிடுங்கள். பறக்கும் நிலையில் வைப்பதே நேட்டுக்கு அழகு. அதன் சக்கரக் கால்கள் குட்டையானவை. கீழே நின்றால் அதன் வேகம் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணாடிக் கவிகை

விமானியறை மேலுள்ள கவிகையை மரத்திலேயே செதுக்கிக் கறுநீலம் அடித்துவிடலாம், தவறில்லை. ஒளி ஊடுருவுகிற கவிகை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். கவிகையின் வடிவத்தை மரத்தில் செதுக்கி, கண்ணாடிபோலத் தேய்த்து, அடியில் ஒரு கட்டை கூட்டி உயரமாக்குங்கள். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் நடுப்பகுதியை வெட்டி வளையமாக எடுத்து அதன்மேல் மாட்டி, ஹீட் கன்னைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பிளாஸ்டிக் சுருங்கி மர அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பால்போல் வெளுத்துவிடும். தண்ணீர் பாட்டில் உதவாது, மெல்லியது, வரி வரியாக இருக்கும். ஆறியதும் கூர்ப்பிளேடால் வெட்டி எடுங்கள். அச்சில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் கவிகையில் அது அப்படியே தெரியும். அதனால் தேய்ப்பில் அவசரம் கூடாது.

தேய்ப்பும் வண்ணமும்

80ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220, 320 என்று போங்கள். பிறகு சீலர் ஒரு கை. மரத்தின் மயிர் எழுந்து நிற்கும்; மறுபடி 320இல் தேயுங்கள். பள்ளம் இருந்தால் பட்டி வைத்துக் காயவிட்டு, சாம்பல் ப்ரைமர் அடியுங்கள். ப்ரைமர் அடித்த பிறகுதான் உண்மையான குறைகள் தெரியும். லாரி, வேன் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை தெரிந்தவரிடம் ஸ்ப்ரே கன்னும் டியூக்கோ பெயின்ட்டும் இருக்கும். அவரிடம் கொடுத்து, மெல்லியதாக மூன்று கை அடிக்கச் சொல்வது கையால் பூசுவதைவிட எவ்வளவோ மேல். மேகமூட்டமான நாளில் அடிக்காதீர்கள். காற்றின் ஈரம் படிந்து வண்ணம் வெள்ளையாய்ப் புகைபடர்ந்துவிடும்.

1965 விமானம் என்றால் வெள்ளி நிறம். பளபளப்பான கறுப்பின் மேல் வெள்ளி அடித்தால் உலோகம்போல வரும். வெள்ளி எந்தக் குறையையும் மறைக்காது என்பதை நினைவில் வையுங்கள். 400ஆம் எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகே அதைத் தொட வேண்டும். 1971 விமானம் என்றால் உருமறைப்பு வண்ணம் வேண்டியிருக்கும். அது எல்லா விமானங்களுக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை, ஆகவே நீங்கள் தேர்ந்த ஸ்குவாட்ரனின் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்றைக் கண்டுபிடித்து அதையே பின்பற்றுங்கள். ஓவியர்கள் வரைந்த வண்ணப் படங்களை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்திய விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவே பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. செங்குத்து வாலில் மூவண்ணப் பட்டைகள் நிமிர்ந்து நிற்கும். எழுத்தும் எண்ணும் போட நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடைக்குப் போங்கள். வெட்டிய எழுத்தை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெற்றுத் தாளை விமானத்தில் ஒட்டி, துளை வழியாக வண்ணம் அடித்தால் கைநடுக்கம் இல்லாத எழுத்து கிடைக்கும். ஸ்டிக்கரையே நேராக ஒட்டிவிடுவது சுலபம்தான், ஆனால் நம் வெயிலில் இரண்டு வருடத்தில் ஓரம் சுருளும்.

தகட்டு இணைப்புக் கோடுகளை எல்லா இடத்திலும் கீறாதீர்கள். 24இல் ஒரு பங்கில் பல கோடுகள் கண்ணுக்கே தெரியாதவை. இறக்கையின் அசையும் பகுதிகள், வால் இணைப்பு, விமானியறைச் சட்டம் இவை போதும்.

அடிப்பலகையில் சேபரின் நிழல்

நேட்டின் கதை முழுக்க அதன் சிறிய உருவத்தில் இருக்கிறது. எதிரே வந்த சேபரின் இறக்கை அகலமும் நீளமும் சுமார் 37 அடி. நேட்டைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பார்க்கிறவருக்கு அது எவ்வளவு சின்னது என்று எப்படித் தெரியும்? அதனால் 20 அங்குலச் சதுரப் பலகை எடுத்து, அதில் சேபரின் மேல்பார்வை உருவத்தை அதே அளவில் வரையுங்கள். இறக்கை அகலம் பதினெட்டரை அங்குலம் வரும். ஒரு நூல் ஆழத்துக்கு உளியால் எடுத்து, உள்ளே கருஞ்சாம்பல் அடியுங்கள். அதற்கு மேலே நம் நேட் நிற்கட்டும். வேறு விளக்கமே தேவைப்படாது. வேலையில் ஒரு நாள் கூடும், பரவாயில்லை.

விமானத்தைத் தாங்க மூன்று நூல் பருமன் பித்தளைக் கம்பி. எங்கே துளையிடுவது என்று தெரிய, உடலைச் சுற்றி நூல் கட்டித் தொங்கவிட்டு, விமானம் சமமாக நிற்கிற இடத்தில் பென்சிலால் குறியுங்கள். துளையைச் சற்றே சாய்வாகப் போட்டால் மூக்கு மேல்நோக்கி எழும்பி நிற்கும். கம்பி அடிப்பலகையில் இறங்கும் இடத்துக்கு ஒரு பித்தளைக் கிண்ணம் வேண்டுமென்றால் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளில் விளக்கின் தண்டு உறுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கலாம். கடைசல் சுத்தமாக இருக்கும், கனமும் நிற்க உதவும்.

பெயர்ப்பலகையில் நான்கே செய்தி: விமானத்தின் பெயர், ஸ்குவாட்ரன், விமானியின் பெயர், நாளும் இடமும். எத்தனை எதிரி விமானம் விழுந்தது என்ற கணக்கை எழுதாதீர்கள். அந்தக் கணக்குகளில் சிலவற்றில் இரண்டு நாட்டுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சேகோனுக்குச் செய்தால் விருதின் பெயரையும் சேருங்கள், அது சர்ச்சைக்கு அப்பாற்பட்டது. தமிழில் எழுதுங்கள்.

பெட்டிக்கு 4 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். பின்பலகையில் இரண்டு சிறு துளைகள் போட்டு உட்புறம் கொசுவலைத் துணி ஒட்டுங்கள். காற்று போய்வராத பெட்டியில் கார்த்திகை மாதத்தில் உட்கண்ணாடி வியர்க்கும். பாச்சை உருண்டை வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் இளக்கும். ஒரு மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். சன்னல் வெயில் நேரே படும் சுவர் தவிர வேறெங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். காவி நிறம்தான் முதலில் வெளுக்கும்.